ஆமோஸ் யாருக்கும் சும்மா சொன்னதில்லை

தொலைக்காட்சியில் கூட்டம் கூரை பிய்ந்துபோகிற மாதிரி கத்திக்கொண்டிருந்தது. மைதானத்தில் ஈ காக்கை இல்லை.

வெர்டெல் ஹாஸ்கின்ஸ் சோபாவில் உட்கார்ந்து, நேற்று மிஞ்சிய பன்றி விலாவைக் கடித்துக்கொண்டே இதைப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க வாயில் இருந்தது கசந்தது. விலாவில் ஒரு குறையும் இல்லை. தொற்று பரவும் என்று கான்சஸ் சிட்டியில் ஒருவரையும் மைதானத்துக்குள் விடவில்லை. சரி, விடவில்லை, ஒத்துக்கொள்ளலாம். காலி மைதானத்தைக் காலியாகவே காட்டிவிட்டுப் போவதுதானே? எங்கோ ஓர் அறையில் ஒருவன் உட்கார்ந்துகொண்டு, மட்டையில் பந்து பட்டதும் பொத்தானை அமுக்குகிறான். உடனே பழைய டேப்பில் இருக்கிற கூட்டம் ஆரவாரம் செய்கிறது. அன்றைக்கு அவன் அசந்துவிட்டான் போலிருக்கிறது. உயரமாகப் போன பந்து சுவரோரம் நின்றவன் கையுறைக்குள் விழுந்து, அவன் அதைத் திருப்பி எறிந்தும் விட்டான். அதற்குப் பிறகுதான் கூட்டம் ‘ஓ’வென்று எழுந்தது. அவுட்டாகித் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போகிற உள்ளூர்க்காரனுக்கு வாழ்த்து!

“தூ!” என்றாள் வெர்டெல், வீட்டில் யாரும் இல்லை என்று தெரிந்தும் உரக்க.

பொத்தான்காரனின் கூட்டத்தில் அவளுக்குப் பொறுக்க முடியாதது, அது யாரையும் திட்டாததுதான். அம்பயரின் கண்ணையும் அவரைப் பெற்றவளையும் ஒரே மூச்சில் இழுக்கத் தெரியாத கூட்டம் என்ன கூட்டம்? நன்றாக ஆடினாலும் அதே இரைச்சல், சொதப்பினாலும் அதே இரைச்சல். பேஸ்பால் பார்க்கப் போவதே வாய்விட்டுத் திட்டத்தான் என்று நினைக்கிறவள் அவள். வாரம் முழுக்க நீதிமன்றத்தில் அடுத்தவர்கள் பேசியதை ஓர் எழுத்துக் கூட்டாமல் குறைக்காமல் சுருக்கெழுத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு, சனிக்கிழமை மைதானத்தில் போய் அவள் வட்டியும் முதலுமாகப் பேசித் தீர்த்துக்கொண்ட காலம் உண்டு.

ஆட்டம் சமனில் போய் நின்றது. அதற்கும் இந்த வருஷம் ஒரு கூத்து வைத்திருந்தார்கள். சமன் ஆனால், அடிக்காமல், ஓடாமல், வியர்க்காமல் ஒருவன் போய், ரன்னுக்குப் பாதி வழியான இரண்டாம் பேஸில் நின்றுகொள்ளலாம். ஆட்டம் சீக்கிரம் முடியவேண்டுமாம். அவன் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, மாமனார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி அங்கே நிற்பதைப் பார்த்ததும் வெர்டெல் தட்டைக் கீழே வைத்துவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து மகள் ரோனெல் டென்வரிலிருந்து கூப்பிட்டாள். ஆசையாகத்தான் கூப்பிட்டாள், பாவம்.

“அம்மா, மைதானத்துல காலி சீட்டுல எல்லாம் அட்டையில ஆள் படம் வெட்டி வெக்கறாங்க, பாத்தியா? போட்டோ அனுப்பினா போதும். அப்பா எப்பவும் உக்கார்ற எடத்துலயே அப்பாவை வெக்கச் சொல்லலாம்னு...”

“உங்கப்பன் அட்டையா நின்னு வெயில்ல காயணுமா? பந்து வந்து மூஞ்சில அடிச்சுக் கவுந்து விழுந்தா, அதையும் டிவியில காட்டுவான். அதுக்கும் ஒருத்தன் பொத்தானை அமுக்கிக் கைதட்டுவான்.”

“ஒரு நினைவுக்குத்தானேம்மா.”

“எனக்கு நினைவு இருக்குடி. மண்டை நிறைய இருக்கு. அட்டை வேணாம்.”

ரோனெல் மூக்கை உறிஞ்சினாள். அழுகிறாளோ என்று வெர்டெல் ஒரு கணம் காதைக் கொடுத்துக் கேட்டாள். பிறகு, பீச் பழம் வந்திருக்கிறதா, என்ன விலை விற்கிறது என்று பேச்சை மாற்றினாள்.

புருஷன் ஆமோஸ் ஏப்ரலில் அந்தத் தொற்றில் போனான். அவனை அடக்கம் செய்ததையே அவள் கைப்பேசியில்தான் பார்த்தாள். பாதிரியார் ஜெபத்தின் நடுவில் வாயைத் திறந்தபடி உறைந்துபோனார். படம் மறுபடி அசைந்தபோது மண் போட்டு முடித்திருந்தார்கள்.

அவன் நகராட்சியின் குடிநீர்ப் பிரிவில் வேலை பார்த்தவன். அது பிழைப்புக்கு. வாழ்ந்தது இரண்டு இடங்களில்: கோடைச் சனிக்கிழமைகளில் பூங்கா மைதானத்தில் உள்ளூர் அணிகளுக்கு அம்பயராக, ஞாயிறு சாயங்காலம் ‘ப்ளூ ஹெரன்’ கிளப்பில், மேடைக்கு இடப்பக்கம், சுவரோர மேசையில். இரண்டு இடத்திலும் அவன் செய்தது ஒரே வேலை. பார்த்ததை, கேட்டதை, உள்ளபடி சொன்னான். ஒருமுறை சொந்த அக்காள் மகன் இறுதி ஆட்டத்தில் ரன்னுக்காக மண்ணில் சறுக்கி வந்து ஹோம் தட்டைத் தொட்டபோது, தூசி அடங்கும்வரை காத்திருந்துவிட்டு, அவுட் என்று கட்டைவிரலைத் தூக்கினான். அந்த வருஷம் நன்றி விழாவுக்கு அக்காள் வீட்டில் எல்லாருக்கும் வான்கோழி, ஆமோஸுக்கு மட்டும் கழுத்து.

கிளப்பில் அவன் ஆயுதம் ஒரே ஒரு சொல். ஜாஸ் கேட்கிறவர்கள் சாமி அறையில் இருப்பது போல் வாயைப் பொத்திக்கொண்டு இருக்கமாட்டார்கள். மேடையில் ஒருவன் எழுந்து தனியாக வாசிக்கும்போது, அவன் ஒன்று சொல்ல, கீழே இருக்கிறவர்கள் பதிலுக்கு ஒன்று சொல்ல, இரண்டும் சேர்ந்துதான் அது சங்கீதம் ஆகும். மற்றவர்கள் ஆமாம் என்பார்கள், மேசையைத் தட்டுவார்கள், ஐயோ என்பார்கள். தாராளமாகச் செய்வார்கள், குடித்திருந்தால் இன்னும் தாராளமாக. ஆமோஸ் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். சில ஞாயிறுகள் முழுக்க அப்படியே போய்விடும். திடீரென்று ஒரு நாள், வாசிக்கிறவன் தனக்கே தெரியாத ஏதோ ஓர் இடத்துக்குள் கால் வைத்து, அங்கே ஒரு நொடி திகைத்து நிற்கும்போது, சுவரோரத்திலிருந்து “சொல்லு!” என்று ஒரு குரல் வரும். அவ்வளவுதான். அது கிடைத்தவன் அடுத்த வாரம் முழுக்க அதை எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிவான்.

சிகாகோவிலிருந்து வந்த பெரிய டிரம்பெட்காரன் ஒருவன் இரவு முழுக்க வாசித்து, எல்லாரும் எழுந்து நின்று கைதட்டியும், ஆமோஸ் மட்டும் அசையாததைப் பார்த்துவிட்டு நேரே மேசைக்கு வந்து, “நான் என்ன செஞ்சேன்?” என்று கேட்டான். “நீ ஒண்ணும் செய்யல. அதான் நானும் ஒண்ணும் சொல்லல,” என்றான் ஆமோஸ்.

கிளப் இப்போது மூடிக் கிடந்தது. ஆனாலும் ஞாயிறுதோறும் சாயங்காலம் மூன்று நான்கு பேரை மேடையில் தள்ளித் தள்ளி நிறுத்தி வாசிக்கவைத்து, கிளப் முதலாளி குவென்டின் கணினி வழியாக வீடுகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தான். அவன் அப்பா நடத்திய கிளப். அப்பாவுக்குக் காது இருந்தது. மகனுக்கு நல்ல மனசு இருந்தது. வெர்டெல் அதுவரை அந்தப் பக்கமே போகவில்லை. மேடைக்கு இடப்பக்கச் சுவரைக் காமிராவில் பார்க்க அவளுக்குத் தெம்பில்லை. ஆனால் அந்த வார ஞாயிறு கிளெமென்ட் ரஸ்க் வாசிக்கிறான் என்று சொன்னார்கள். கிளெமென்டும் ஆமோஸும் ஒரே நேரத்தில் நோயில் விழுந்தவர்கள்; மார்ச்சில் கிளப்பின் கடைசி ஞாயிறன்று இரண்டு பேருக்கும் ஒட்டியிருக்க வேண்டும். கிளெமென்ட் ஆக்சிஜன் குழாயோடு கிடந்து பிழைத்து வந்துவிட்டான். அவன் டெனர் சாக்ஸபோனை எப்படித்தான் ஊதுகிறான் என்று பார்ப்போம் என்று வெர்டெல் சமையல் மேசையில் கணினியைத் திறந்து வைத்து, பக்கத்தில் பீச் பழங்களை நறுக்க உட்கார்ந்தாள்.

முதலில் பியானோக்காரன் வாசித்து முடித்தான். முடித்ததும் கைதட்டல் வந்தது. வெர்டெலின் கத்தி நின்றது. ஆள் இல்லாத கிளப்பில் யார் கை இது? பேஸ்பாலில் இருந்த பொத்தான்காரனுக்கு இங்கேயும் ஒரு தம்பி இருக்கிறான் என்று புரிந்தது. கணினியை மூடப்போனாள். அதற்குள் கிளெமென்ட் முன்னால் வந்தான்.

கோட்டுக்குள் ஆளையே காணோம். பழைய கிளெமென்ட் ஊதத் தொடங்கினால் நிறுத்தமாட்டான். ஒரு மூச்சில் தெருக்கோடி வரைக்கும் போவான். இவன் நாலு சுரம் வாசித்தான், நின்றான், தோளைத் தூக்கி மூச்சை இழுத்தான். அப்போது கேட்டது.

“சொல்லு!”

ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அவள் பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்த்தாள்.

ஆமோஸின் குரல்தான். முதல் எழுத்தைக் கொஞ்சம் இழுத்து, கடைசியை வெட்டி விடுகிற அவனுடைய ‘சொல்லு’. அதற்குப் பின்னாலேயே கண்ணாடிக் கோப்பை சாயும் சத்தம். ஒரு பெண்ணின் சிரிப்பு. வெர்டெலின் கண் நிறைந்துவிட்டது. இத்தனை மாதத்துக்குப் பிறகு அந்தக் குரல்! கைப்பேசியில் அவன் விட்டுப்போனதெல்லாம் ‘வரும்போது பால் வாங்கிட்டு வா’ என்கிற மாதிரி சமாசாரங்கள்தான். இது நிஜ ஆமோஸ். சந்தோஷமாக இருந்தபோது இருந்த ஆமோஸ்.

கிளெமென்ட் மறுபடி நாலு சுரம் வாசித்து மூச்சுக்கு நின்றான். “சொல்லு!” கோப்பை. சிரிப்பு. மறுபடி நின்றான். “சொல்லு!” கோப்பை. சிரிப்பு. அந்தச் சிரிப்பு யாருடையது என்று அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. அவளுடையது.

எந்த ஞாயிறு என்பதும் கூடவே ஞாபகம் வந்தது. ஆளுயரப் பாஸ் வாத்தியம் வாசிக்கிற ஹோரஸுக்கு, தனியாக வாசித்துக்கொண்டிருக்கும்போதே பட்டென்று ஒரு கம்பி அறுந்தது. நிறுத்துவான் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவன் மீதிக் கம்பிகளை வைத்துக்கொண்டு, அறுந்த கம்பி இருந்திருந்தால் என்ன சொல்லியிருக்குமோ அதைச் சுற்றிச் சுற்றி வாசித்தான். ஆமோஸ் ‘சொல்லு’ என்று துள்ளி எழுந்ததில் அவன் விஸ்கி அவளுடைய புது உடையில் கொட்டியது. அவளுக்குக் கோபம் வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது.

இப்போது டிரம்ஸ்காரன் முறை. புதியவன். பாதியில் தாளத்தைத் தொலைத்துவிட்டு, இருட்டில் செருப்பைத் தேடுகிறவன் மாதிரி துழாவிக்கொண்டிருந்தான். அவனுக்கும் வந்தது ஒரு “சொல்லு!”

வெர்டெல் கணினியை அறைந்து மூடினாள். கையெல்லாம் பழச்சாறு. வாழ்நாள் முழுக்க ஒருவருக்கும் சும்மா கொடுக்காத ஒரு சொல்லை, அவன் செத்த பிறகு பிடுங்கி வைத்துக்கொண்டு, தெருவில் போகிற வருகிறவனுக்கெல்லாம் மிட்டாய் மாதிரி இறைக்கிறார்கள். அருவருப்பு என்றால் சாதாரண அருவருப்பு இல்லை. அட்டைப் படம் எவ்வளவோ மேல். அட்டை வாயைத் திறக்காது. கையைக் கழுவி, முகக்கவசத்தை மாட்டி, கார் சாவியை எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிட்டாள்.

ப்ளூ ஹெரனின் பின்சந்தில் வெயில் இன்னும் இறங்கவில்லை. மரத்துப் பூச்சிகள் காதைத் துளைத்தன. உள்ளே காற்றோட்டம் வேண்டும் என்று பின்கதவைத் திறந்து, ஒரு பீர் பீப்பாயை முட்டுக் கொடுத்து வைத்திருந்தார்கள். முதல் சுற்று முடிந்து இடைவேளை. குவென்டின் அவளைப் பார்த்ததும் முகக்கவசத்துக்கு மேலே கண் மலர ஓடிவந்தான்.

“மிஸ் வெர்டெல்! கேட்டீங்களா? உள்ள மட்டும் வரக்கூடாது, சட்டம் வந்து...”

“உள்ள யாருடா வர்றா? நீ வெளிய வா. என் புருஷன் குரலை எங்கேர்ந்து எடுத்தே?”

“அப்பா பழைய நாள்ல ஒரு ஞாயித்துக்கிழமை முழுக்க டேப்புல பிடிச்சு வெச்சிருந்தாரு. கூட்டத்துச் சத்தத்தை மட்டும் வெட்டி எடுத்தேன். கிளப் மாதிரியே இருக்குன்னு எல்லாரும் எழுதறாங்க. உங்களுக்குச் சந்தோஷமா இருக்கும்னுதான்...”

“செத்தவன் பெட்டிக்குள்ளேர்ந்து கத்தறது எனக்குச் சந்தோஷமா? அந்த டிரம்ஸ்காரப் பயலுக்கு ஆமோஸ் ‘சொல்லு’ சொன்னானா? அவன் இருந்திருந்தா, ‘வீட்டுக்குப் போ தம்பி, அம்மா தேடுவா’ன்னு சொல்லியிருப்பான்.”

குவென்டின் தரையைப் பார்த்தான். “எடுத்துடறேன் மிஸ் வெர்டெல். இப்பவே எடுத்துடறேன். ஆனா ஒண்ணு கேளுங்க. கிளெமென்ட் ஆஸ்பத்திரிலேர்ந்து வந்து முதல் ஒத்திகையில ஒரு பாட்டு வாசிச்சாரு. வாசிச்சுட்டு சாக்ஸபோனைப் பெட்டியில வெச்சு மூடி, ‘வித்துடுடா குவென்டின், எனக்கு மூச்சு போச்சு’ன்னாரு. எனக்கு என்ன பண்றதுன்னு தெரியல. அந்த டேப்பைப் போட்டுக் காட்டினேன். ஆமோஸ் அங்கிள் குரல் கேட்டதும் மனுஷன் நிமிர்ந்துட்டாரு. ‘இது யாருக்குச் சொன்னது?’ன்னு கேட்டாரு.” அவன் பீப்பாயைப் பார்த்துக்கொண்டு சொன்னான். “‘உங்களுக்குத்தான்’னு அவர்கிட்ட சொல்லிட்டேன்.”

“பொய்.”

“பொய்தான். அந்தப் பொய்யிலதான் அவர் இப்ப நின்னுட்டிருக்காரு. உங்களைப் பாத்தா கட்டாயம் கேப்பாரு. ஆமான்னு ஒரு வார்த்தை. சொல்லக்கூட வேணாம், தலையை ஆட்டினாப் போதும். உங்களுக்கு என்ன போகுது?”

என்ன போகுது! வெர்டெலுக்கு அந்தக் கேள்விதான் எல்லாவற்றையும்விட அசிங்கமாக இருந்தது. ஆமோஸ் மண்ணுக்குள் இருக்கிறான். கிளெமென்ட் மண்ணுக்கு மேலே தள்ளாடுகிறான். ஒருவன் அடிக்காமல் ஓடாமல் இரண்டாம் பேஸில் நின்றுகொண்டால் உலகம் இடிந்துவிடுமா? இடியாது. தலையை ஆட்டிவிட்டுப் போய்ப் பழத்தை நறுக்கலாம். ஆட்டமாட்டேன் என்று கழுத்து விறைத்துக்கொண்டதற்கு நியாயம் மட்டும்தான் காரணமா என்பதும் அவளுக்குச் சந்தேகம். இவன் பிழைத்தான், அவன் பிழைக்கவில்லை என்கிற கசப்பு அவளுக்குள் இருந்தது. ஏப்ரலிலிருந்து இருக்கிறது. கிளெமென்டின் பெயரைக் கேட்டால் பல்லைக் கடிக்கிற அளவுக்கு இருக்கிறது. அந்தக் கசப்புதான் உண்மை என்கிற பெயரில் வெளியே வரப் பார்க்கிறதோ என்று தன்மேலேயே அவளுக்கு அருவருப்பு வந்தது.

கிளெமென்ட் கதவருகில் வந்து நின்றான். ஒரு கை சுவரில்.

“வெர்டெல்.”

“கிளெமென்ட்.”

கட்டிப்பிடிக்க முடியாது. இரண்டு பேரும் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றார்கள்.

“ஆமோஸ் அடக்கத்துக்கு வர முடியல. குழாயோட கெடந்தேன்.”

“தெரியும்.”

“டேப்பைக் கேட்டியா?” அவன் குரல் சின்னப் பிள்ளையின் குரலாகிவிட்டது. “முப்பது வருஷமா வாசிச்சேன் அவன் முன்னாடி. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை எனக்குச் சொல்லியிருக்கான், எனக்கே தெரியாம! ஊதற மும்முரத்துல காதுல விழல போலிருக்கு. உன் சிரிப்புகூடக் கேக்குது. நீ பக்கத்துலதானே இருந்தே? சொல்லு, எந்தப் பாட்டு அது? நான் என்ன வாசிச்சேன் அப்போ?”

அவனுக்குப் பின்னால் குவென்டின் இரண்டு கைகளையும் கோத்து நெஞ்சில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்தான். வெர்டெல் வாயைத் திறந்தாள். ஏதாவது ஒரு பாட்டின் பெயரைச் சொன்னால் போதும். நூறு பாட்டு தெரியும் அவளுக்கு. முகக்கவசத்துக்குள் அவள் மூச்சே அவளைச் சுட்டது.

“உனக்கு இல்ல கிளெமென்ட்,” என்றாள். “ஹோரஸுக்கு. கம்பி அறுந்துதே, அன்னிக்கு.”

குவென்டின் கண்ணை மூடிக்கொண்டான். கிளெமென்ட் பக்கத்தில் கவிழ்த்து வைத்திருந்த பெட்டிமேல் மெதுவாக உட்கார்ந்தான்.

“அப்ப எனக்கு என்னிக்குமே இல்லையா?”

“நீயும் அங்கதானே இருந்தே.”

“செத்த பிறகாவது எனக்கு ஒரு பிச்சை போடக்கூடாதா அந்தப் பாவி?”

“போடமாட்டான். சொந்த அக்கா மகனுக்கே போடல.”

கிளெமென்டுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்காமல் அவனை மடக்கியது. வெர்டெல் இரண்டு அடி பின்னால் போய்விட்டாள், அவளை அறியாமலே. நாற்பது வருஷச் சிநேகிதன் இருமினால் முதுகைத் தடவிக்கொடுக்காமல் விலகி ஓட வைக்கிற இந்த நோய் விளங்காமல் போக என்று மனதுக்குள் சபித்தாள். சபித்துக்கொண்டே அங்கேயே நின்றாள்.

இருமல் அடங்கியதும் அவன் கேட்டான். “ஏன்னு சொல்லியிருக்கானா?”

“சொல்லியிருக்கான்.”

“என்ன சொன்னான்?”

“எதுக்கு இப்ப அது?”

“இவ்வளவு சொல்லிட்டே. மிச்சத்தையும் சொல்லிட்டுப் போ.”

“கார்ல வீட்டுக்குப் போகும்போதெல்லாம் சொல்லுவான். ‘நல்லா வாசிக்கிறான்டி, கெட்டிக்காரன். ஆனா மூச்சு விடமாட்டேங்கறான். நான் வாயைத் திறக்க எடம் எங்க? அவனே கேள்வி கேட்டு அவனே பதில் சொல்லிக்கறான். கண்ணாடி முன்னாடி நின்னு பேசறவனுக்கு நடுவுல நான் எதுக்கு’ம்பான்.”

குவென்டின், “மிஸ் வெர்டெல், போதும்,” என்றான். பல்லுக்கிடையில் சொன்னான். அவனுடைய நல்ல மனசு அந்த நேரம் அவளை நன்றாக வெறுத்தது. அவளுக்கும் அது சரிதான் என்று தோன்றியது.

கிளெமென்ட் தன் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். “இப்ப மூச்சே இல்ல,” என்றான். “வேணாம்னாலும் நிறுத்தித்தான் ஆகணும்.”

“கேட்டேன். ஆனா நீ நிறுத்தற எடத்துல எல்லாம் டேப்பு வந்து தொப்புன்னு விழுந்துடுது. நீ என்ன சொல்ல வந்தேன்னே காதுல விழல.”

அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். எழுந்ததும் நேரே வீட்டுக்குப் போய்விடுவான் என்றுதான் வெர்டெல் நினைத்தாள். “குவென்டின், அந்தக் கருமத்தை எடு.”

“பாக்கறவங்க கேப்பாங்க, கிளெமென்ட். சத்தமே இல்லாம செத்த வீடு மாதிரி...”

“செத்த வீடுதானேடா. எடு.” பிறகு அவளைப் பார்த்து, “போயிடாத,” என்றான்.

“உள்ள விடமாட்டாங்க.”

“கதவு திறந்துதானே இருக்கு.”

அவள் குப்பைத் தொட்டிகளுக்கும் பீர் பீப்பாய்க்கும் நடுவில் நின்றாள். புளித்த பீர், வெயிலில் வெந்த மாமிச எலும்பு, என்ன நாற்றம் என்று பிரித்துச் சொல்ல முடியாத நாற்றம். அங்கிருந்து மேடையின் ஓரமும், அதில் கிளெமென்டின் பக்கவாட்டும் தெரிந்தன. பியானோவும் பாஸும் தொடங்கின. பாட்டு ஒரு சுற்று வந்ததும் அவன் சாக்ஸபோனை வாயில் வைத்தான்.

நாலு சுரம். நின்றான். ஒன்றும் வந்து விழவில்லை. மின்விசிறியின் உறுமல், பாஸ் கம்பிகளின் தாள நடை, அவ்வளவுதான். காலி அறை காலியாகவே கேட்டது. அந்த இடைவெளியில் கிளெமென்ட் தலையைத் திருப்பிக் கதவைப் பார்த்தான்.

வெர்டெல் யோசித்துப் பார்த்தாள். அந்த நாலு சுரமும் இருபது வருஷமாக அவன் வாசிக்கிற அதே நாலுதான். முன்பு ஒரே மூச்சில் ஓடியதை இப்போது துண்டு துண்டாக வெட்டி வைத்திருக்கிறான். அத்தோடு, அந்தப் பார்வை. சாப்பாட்டு மேசைக்குக் கீழே உட்கார்ந்து நிமிர்ந்து பார்க்கிற நாயின் பார்வை. இரக்கமாக இருந்தது. இரக்கத்துக்கெல்லாம் அந்தச் சொல்லைச் சொல்ல முடியாது. அவள் தலையைப் பக்கவாட்டில் ஆட்டினாள். இல்லை.

அவன் திரும்பிக்கொண்டு மறுபடி ஊதினான். இந்த முறை மூச்சு பாதியிலேயே தீர்ந்துவிட்டது. வைத்திருந்த வாக்கியத்தை முடிக்க முடியாமல் கையில் கிடைத்த இரண்டு சுரத்தைப் போட்டு நிறுத்தினான். அந்த இரண்டும் வேறு எங்கிருந்தோ வந்தவை. வெர்டெலின் கை கதவு விளிம்பை இறுகப் பிடித்தது. ‘சொல்லு’ நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. ஆனால் கிளெமென்டுக்கும் அது பிடித்துவிட்டது. அட, நன்றாயிருக்கிறதே என்று அதையே இன்னொரு தரம், இன்னும் அழகாக, வாசித்துக் கெடுத்தான். கெடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தான்.

இல்லவே இல்லை என்று அவள் தலையை இன்னும் பலமாக ஆட்டினாள்.

கிளெமென்ட் சாக்ஸபோனை வாயிலிருந்து எடுக்காமலே சிரித்துவிட்டான். வாத்து மிதிபட்ட மாதிரி ஒரு சத்தம் ஊரெல்லாம் போயிற்று. காமிராவுக்குப் பின்னால் குவென்டின் தலையில் கை வைத்துக்கொண்டான். கிளெமென்ட் கதவுக்கு முதுகைக் காட்டித் திரும்பினான். காமிராவுக்கும் முதுகைக் காட்டினான். ஒன்றும் இல்லாத சுவரைப் பார்த்து நின்று, தோளைத் தூக்கி, இருக்கிற மூச்சையெல்லாம் உள்ளே இழுத்தான்.

வெர்டெல் முகக்கவசத்தை மோவாய்க்குக் கீழே இறக்கிவிட்டுக்கொண்டு காத்திருந்தாள்.